இரும்புச் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல்

சாயங்கால ஷிப்ட் முடிந்த நேரத்தில், அம்பத்தூர் எஸ்டேட்டில் பஸ் ஏறி நின்றுகொண்டே வந்திருக்கிறீர்களா? வந்திருந்தால், தலைக்கு மேலே கம்பியைப் பிடித்திருக்கும் கைகளைப் பார்த்திருப்பீர்கள். எங்காவது ஒரு கையில், ஏதோ ஒரு விரல் பாதியிலேயே நின்றுபோயிருக்கும். யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. தெரியாமல் கேட்டுவிட்டாலும், "பிரஸ்ல போயிடுச்சு" என்று இரண்டே வார்த்தையில் பதில் வரும். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

1964-ல் தொடங்கிய எஸ்டேட் அது. லேத்துப் பட்டறை, டை அடிக்கிற பட்டறை, தகடு வளைக்கிற பட்டறை என்று சின்னதும் பெரிசுமாக ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிறது. அங்கிருந்து நாலு ஸ்டேஷன் மேற்கே போனால் ஆவடி. அங்கே டாங்கியே செய்கிறார்கள். இந்தியாவில் தயாரான முதல் 'விஜயந்தா' டாங்கி, 1965 டிசம்பரில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில்தான் வெளியே வந்தது.

எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்த வாரம் நாம் பேசப்போவது 'ஹெவி மெட்டல்' சங்கீதத்தைப் பற்றி. அந்தப் பெயரைக் கேட்டாலே, "ஐயோ, அந்தக் காட்டுக் கத்தலா?" என்று பக்கத்தைப் புரட்டப் போகிறீர்கள். தெரியும். நானும் அப்படித்தான் இருந்தேன். கொஞ்சம் பொறுங்கள். டாங்கி செய்கிற ஊருக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு கனமான இரும்பைக் கண்டு நாம் பயப்படலாமா?

2003-ம் வருஷம். கொரட்டூரில் நண்பர் ஒருவர் வீட்டு மாடி. அவருடைய மகன் பாலிடெக்னிக் முடித்துவிட்டு, எஸ்டேட்டில் ஒரு ஷீட் மெட்டல் பட்டறையில் அப்ரெண்டிஸாக இருந்தான். வேலை முடிந்து வந்தால் குளிப்பான், சாப்பிடுவான், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவான். காதுக்கு வெளியே கசிகிற சத்தமே 'கடமுட கடமுட' என்றிருக்கும்.

"ஏம்ப்பா, காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் மெஷின் சத்தம். வீட்டுக்கு வந்தும் அதே சத்தமா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அது முதலாளி போடுற சத்தம் சார். இது நானா போட்டுக்கிற சத்தம்" என்றான்.

பதில் பிடித்திருந்தது. ஆனாலும் விடவில்லை. அப்போது டி.வி-யில் இவானெசென்ஸ் என்ற அமெரிக்க கோஷ்டியின் பாட்டு அடிக்கடி ஓடும். இரவு உடையில் ஒரு பெண், உயரமான கட்டடத்தின் ஜன்னலிலிருந்து தொங்கிக்கொண்டு பாடுவாள். "இதானே இப்ப ஃபேஷன்? பொண்ணு பாடினா ஹெவி மெட்டலும் இனிக்குது" என்று அவனைச் சீண்டினேன்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு சிடியை எடுத்து வந்தான். ரிச்சி தெருவில் வாங்கிய வெற்று சிடியில் யாரோ பதிந்து கொடுத்தது. மேலே நீல நிற மார்க்கர் பேனாவால் கோஷ்டியின் பெயர் எழுதியிருந்தது: 'தி தேர்ட் அண்ட் தி மார்ட்டல்'. "இதுக்கெல்லாம் ஒம்போது வருஷம் முன்னாடியே ஒருத்தங்க பாடிட்டாங்க சார். கேளுங்க."

கேட்டேன். கிதார்கள் வந்தன. ஒன்றல்ல, மூன்று. வேகமே இல்லை. வடம் பிடித்து இழுத்தும் நகர மறுக்கும் தேர் மாதிரி, அப்படி ஒரு கனம், அப்படி ஒரு நிதானம். அதன் மேல் ஒரு பெண் குரல். கத்தவில்லை. கமகம் கிடையாது, ஆட்டம் அசைவு கிடையாது. பக்கத்து அறையில் யாரோ குழந்தையைத் தூங்கவைக்கப் பாடுகிற மாதிரி, நேர் கோடாக, சுத்தமாக வந்தது. இரும்பு அந்தக் குரலை அமுக்கப் பார்க்கிறது. குரல் அதோடு சண்டை போடவே இல்லை. ஆனால், அமுங்கவும் இல்லை.

இந்த மாதிரிப் பாட்டில் நடுவில் ஒரு ஆம்பிளை உறுமுவானே! காத்திருந்தேன். மூன்று பாட்டு ஓடிவிட்டது. "ஆம்பிளைக் குரல் எப்பப்பா வரும்?" என்று கேட்டேன்.

"வராது சார். அதான் விஷயம்."

அந்த 'அதான் விஷயம்' எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. அதைப் புரிந்துகொள்ள, முதலில் நாம் ஒரு விரல் கதைக்குப் போக வேண்டும்.

*

1965. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம். நம் அம்பத்தூருக்கு அண்ணன் என்று சொல்லலாம். தெருவுக்குத் தெரு பட்டறை, புகைபோக்கி, ஷிப்ட் சங்கு. அங்கே டோனி அயோமி என்று ஒரு 17 வயதுப் பையன், ஷீட் மெட்டல் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தான். கிதார் நன்றாக வாசிப்பான். கோஷ்டியோடு வெளிநாடு போக வாய்ப்பு வந்துவிட்டது. வேலையை விட்டாயிற்று. அன்றுதான் கடைசி நாள்.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவன், "இனிமே எதுக்கும்மா போகணும்?" என்றான். "போய் ஒழுங்கா முடிச்சிட்டு வா" என்று அம்மா அனுப்பிவைத்தார். போனான். பிரஸ்ஸில் நிற்க வேண்டிய ஆள் அன்று வரவில்லை. இவனை நிற்கச் சொன்னார்கள். பழக்கமில்லாத மெஷின். வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியையும் எடுத்துக்கொண்டுவிட்டது.

வலது கைதானே, கிதாரில் தந்தியை அமுக்குவது இடது கைதானே என்கிறீர்களா? அயோமி இடது கைப் பழக்கக்காரர். தந்தியை அமுக்குவது அவருக்கு வலது கை!

கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். தொழிற்சாலையின் ஃபோர்மேன் ஒரு இசைத்தட்டோடு பார்க்க வந்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிதார் மேதை வாசித்தது. கேட்டு முடித்த பிறகுதான் சொன்னார், 1928-ல் தீ விபத்தில் கை கருகி, இரண்டு விரல்களை மட்டுமே வைத்துக்கொண்டு வாசிக்கிறவர் அவர் என்று. பையனுக்கு ரோஷம் வந்துவிட்டது. பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரல் நுனிக்கு இரண்டு குப்பி செய்துகொண்டான். மேலே பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஒட்டினான். தந்தி கனமாக இருந்தால் வலிக்கிறது. எனவே மெல்லிய தந்தி. அப்புறம் தந்தியின் இறுக்கத்தையும் தளர்த்தினான். தளர்த்தினால் சுருதி இறங்கும். இறங்கினால் சத்தம் கனமாகும், இருட்டாகும்.

அந்த இருட்டுக்குத்தான் பின்னால் உலகம் 'ஹெவி மெட்டல்' என்று பெயர் வைத்தது. அயோமியின் 'பிளாக் சபாத்' கோஷ்டியின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்தது. பிரஸ்ஸில் போன விரலிலிருந்து ஒரு சங்கீதம் பிறந்தது.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். அந்த ஆல்பத்தின் முதல் பாட்டில் அயோமி வாசிக்கிற பிரதானமான சங்கதியில் மூன்றே சுரங்கள். நம் பாஷையில் சொன்னால் ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அப்புறம் பிரதி மத்தியமம். ஷட்ஜத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் நடுவே இருக்கிற அந்தத் தூரத்துக்கு ஐரோப்பியர்கள் வைத்த பெயர், 'இசையில் சாத்தான்'. கேட்டால் உடம்பு நடுங்குமாம். நமக்கு? 72 மேளகர்த்தா ராகங்களில் சரிபாதி, 36 ராகங்களில் இருப்பது அந்தப் பிரதி மத்தியமம்தான். கல்யாணியில் இருப்பதும் அதுதான். கல்யாண மண்டபத்தில் நாகஸ்வரக்காரர் அதை ஊதும்போது நாம் பந்தியில் பாயசம் கேட்டுக்கொண்டிருப்போம். அங்கே சாத்தான், இங்கே மங்களம்! எந்தச் சத்தம் இனிமை, எந்தச் சத்தம் பயங்கரம் என்பது காதில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் உதவும்.

*

சரி, 'கோதிக்' எங்கிருந்து வந்தது?

கோத் என்பது பழைய ஜெர்மானிய இனக்கூட்டம். கி.பி. 410-ல் ரோம் நகரத்துக்குள் புகுந்து சூறையாடியவர்கள். ஆயிரம் வருஷம் கழித்து இத்தாலிய அறிஞர்கள், தங்களுக்குப் பிடிக்காத வடக்கத்திக் கட்டடங்களைத் திட்ட ஒரு வார்த்தை தேடினார்கள். கூர்மையான வளைவு, வானத்தைக் குத்துகிற கோபுரம்... "சே, கோத்துகள் கட்டியது மாதிரி இருக்கிறது!" என்றார்கள். 'காட்டுமிராண்டித்தனம்' என்று அர்த்தம். திட்டு நாளடைவில் பட்டமாகிவிட்டது. நம் சாந்தோம் பேராலயத்தை, 1896-ல் ஆங்கிலேயர் காலத்தில் எழுப்பிய அந்த வெள்ளை அழகை, 'நவ கோதிக்' பாணி என்று இன்று பெருமையாகச் சொல்கிறோம்.

1764-ல் ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர், பாழடைந்த கோட்டை, சாபம், பேய் என்று ஒரு நாவல் எழுதினார். அடுத்த பதிப்பில் 'ஒரு கோதிக் கதை' என்று அட்டையில் போட்டார். அன்றிலிருந்து இருட்டு, சோகம், மரணம், இடிந்த மாளிகை எல்லாம் 'கோதிக்' கணக்கில் சேர்ந்தன. 1970-களின் கடைசியில் இங்கிலாந்துப் பாட்டுக்காரர்கள் சிலர் கறுப்பு உடை, வெளுத்த முகம் என்று அதை ராக் இசைக்குக் கொண்டுவந்தார்கள்.

இந்த 'கோதிக்' சோகமும் பர்மிங்ஹாமின் இரும்பும் எங்கே சந்தித்தன? இன்னொரு பட்டறை ஊரில்தான். ஹாலிஃபாக்ஸ், ஒரு காலத்தில் கம்பளி, கம்பள ஆலைகளுக்குப் பேர்போன ஊர். அந்த ஊர்ப் பையன்கள் சேர்ந்து நடத்திய 'பாரடைஸ் லாஸ்ட்' என்ற கோஷ்டி, 1991-ல் ஒரு ஆல்பம் போட்டது. பெயரே 'கோதிக்'. ஆண் உறுமுகிறான், பின்னணியில் வயலின் மாதிரிச் சத்தங்கள், நடுநடுவே தூரத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்து போகிறது. கேட்டவர்கள் அசந்துபோனார்கள்.

கவனியுங்கள், 'வந்து போகிறது'. சாம்பாரில் பெருங்காயம் மாதிரி. வாசனைக்குக் கொஞ்சம்.

அதற்கு முன்னால் ஹெவி மெட்டலில் பெண்களே இல்லையா? இருந்தார்கள். 1978-ல் லண்டனில் 'கேர்ள்ஸ்கூல்' என்று பெண்கள் மட்டுமே கொண்ட கோஷ்டி தொடங்கியது. ஜெர்மனியில் டோரோ பெஷ், 80-களில் மேடையை அதிரவைத்தார். ஆனால், அவர்கள் ஆண்களின் மைதானத்தில் ஆண்களைவிட உரக்கப் பாடி ஜெயித்தவர்கள். மெல்லிய குரலுக்கு அங்கே இடம் இல்லை. இருந்தால் விருந்தாளியாக இருக்கலாம். பின்னணியில் 'ஆ...' என்று இழுக்கலாம்.

1990-களில் இன்னொரு ஏற்பாடு வந்தது. நார்வேயில் 'தியேட்டர் ஆஃப் டிராஜடி' என்ற கோஷ்டி. லிவ் கிறிஸ்டீன் என்ற பெண் தேன் மாதிரிப் பாடுவார். கூடவே ஓர் ஆண் மிருகம் மாதிரி உறுமுவார். 'அழகியும் அரக்கனும்' என்றே இந்தப் பாணிக்குப் பெயர் வந்துவிட்டது. பிரமாதமான யோசனை. ஆனால், அரக்கன் இல்லாமல் அழகி தனியாக வர அங்கேயும் அனுமதி கிடையாது!

இந்தப் பின்னணியில்தான் அந்த நீல மார்க்கர் சிடி வருகிறது.

*

நார்வேயின் டிரோன்ஹெய்ம். டிசம்பரில் பகல் வெளிச்சம் சுமார் நாலரை மணி நேரம்தான். ஊர் நடுவே நிடாரோஸ் பேராலயம், 1070 வாக்கில் கட்டத் தொடங்கியது, அசல் கோதிக் வளைவுகளோடு நிற்கிறது.

அந்தச் சமயத்தில் நார்வே ஹெவி மெட்டலுக்கு உலகமெங்கும் கெட்ட பெயர். 1992 ஜூனில் பெர்கன் நகரத்தில் ஃபான்டாஃப்ட் என்ற பழமையான மரத் தேவாலயம் எரிக்கப்பட்டது. தொடர்ந்து இன்னும் பல எரிந்தன. 1993-ல் ஒரு இசைக்காரரை இன்னொரு இசைக்காரர் குத்திக் கொன்றார். யார் அதிகம் அலறுவது, யார் அதிகம் பயமுறுத்துவது என்று போட்டி.

அதே நாட்டில், அதே நேரத்தில், டிரோன்ஹெய்ம் பையன்கள் சிலர் மூன்று கிதாரோடு மெதுவாக, சோகமாக வாசிக்க ஆரம்பித்தார்கள். பாடுவதற்கு காரி ரூஸ்லாட்டன் என்ற பெண்ணைச் சேர்த்துக்கொண்டார்கள். 1973-ல் பிறந்தவர். இருபது வயது. 1994-ல் 'சாரோ' என்று ஒரு சின்ன இசைத்தட்டு. அதே வருஷம் 'டியர்ஸ் லெய்ட் இன் எர்த்' என்று முழு ஆல்பம். மண்ணில் புதைத்த கண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முழு ஆல்பத்திலும் அவர் மட்டும்தான் பாடுகிறார். உறுமல் இல்லை. அரக்கன் இல்லை. 'இந்தப் பெண் குரலைத் தாங்கிப் பிடிக்க ஓர் ஆண் வேண்டாமா?' என்று அந்தக் கோஷ்டிக்குத் தோன்றவே இல்லை. அந்தக் குரலில் கச்சேரி மேடையின் பயிற்சி கம்பீரம் கிடையாது. நார்வே மலைக்கிராமங்களில் பாடுகிற நாட்டுப்பாட்டின் வாசனை இருக்கிறது. இதுதான் என் நண்பரின் மகன் சொன்ன 'அதான் விஷயம்'.

சரி, அந்தப் பெண் பெரிய நட்சத்திரம் ஆனாரா? இல்லை. அந்த ஆல்பத்தோடு கோஷ்டியை விட்டு விலகிவிட்டார். தனியாக, இன்னும் மென்மையான பாட்டுகள் பாடப் போய்விட்டார். கோஷ்டி வேறு பெண் குரலோடு 1996-ல் அடுத்த ஆல்பம் போட்டது. போகப் போக ஹெவி மெட்டலையே விட்டு எங்கெங்கோ சோதனை செய்தது. 2005-ல் கலைந்தது.

விதை மட்டும் முளைத்துவிட்டது. 1995-ல் ஹாலந்தின் 'தி கேதரிங்' கோஷ்டி, அனேகே வான் கீர்ஸ்பெர்கன் என்ற 22 வயதுப் பெண்ணை முன்னால் நிறுத்தி 'மாண்டிலியன்' என்ற ஆல்பம் போட்டது. அதிலும் உறுமல் கிடையாது. 1996-ல் பின்லாந்தில் தூமஸ் ஹோலோபைனென் என்ற இளைஞர் 'நைட்விஷ்' என்ற கோஷ்டியைத் தொடங்கினார். பாட வந்தவர் தார்யா துருனென், முறையாக ஆபரா பயின்றவர். தனக்குத் தூண்டுதலாக இருந்த கோஷ்டிகள் என்று தூமஸ் சொன்ன பெயர்களில் ஒன்று, நம் 'தி தேர்ட் அண்ட் தி மார்ட்டல்'. நைட்விஷ் பெரிய பெரிய அரங்குகளை நிரப்பியது. அந்த விதையைப் போட்ட கோஷ்டியின் பெயரைக் கேட்டால், அரங்கில் இருந்த முக்கால்வாசிப் பேர் விழித்திருப்பார்கள்.

*

இப்போது, நான் பையனைச் சீண்டிய அந்த அமெரிக்க கோஷ்டிக்கு வருவோம். இவானெசென்ஸ். 2003-ல் வந்த 'ஃபாலன்' ஆல்பத்துக்கு அமெரிக்காவில் மட்டுமே ஒரு கோடிப் பிரதிகளுக்கான சான்றிதழ் கிடைத்திருக்கிறது. 2004-ல் இரண்டு கிராமி விருதுகள்.

அந்தப் பிரபலமான பாட்டின் நடுவில் ஓர் ஆண் குரல் வந்து வேகமாக ஏதோ பேசிப் போகும். ஏன் வந்தது தெரியுமா? பாடகி ஏமி லீயே பின்னால் சொன்னார். பெண் மட்டும் பாடினால் ராக் ரேடியோக்கள் போடாது, ஓர் ஆண் குரல் வேண்டும் என்று இசைத்தட்டுக் கம்பெனி பிடிவாதம் பிடித்ததாம். நிறையப் பாட்டுகளில் வேண்டும் என்று தொடங்கி, கடைசியில் அந்த ஒரு பாட்டோடு சமாதானம் ஆனார்களாம். 2017-ல் அதே பாட்டைத் திரும்பப் பதிவு செய்தபோது, ஆண் குரலைத் தூக்கிவிட்டுத் தனியாகவே பாடினார் ஏமி லீ. பதினாலு வருஷம் ஆனது!

யோசித்துப் பாருங்கள். பணம், விளம்பரம், உலகச் சந்தை எல்லாம் இருந்த இடத்தில் 2003-ல் துணிச்சல் வரவில்லை. ஊர் பேர் தெரியாத ஒரு கோஷ்டிக்கு, டிரோன்ஹெய்மின் குளிரில், 1994-லேயே வந்துவிட்டது. புகழ் வருவதற்கு முன்னால் இருக்கிற சுதந்திரம் அது. இழக்க ஒன்றும் இல்லாதவர்களுக்குத்தான் முதல் அடி வைக்க முடிகிறது. அதனாலேயே அவர்கள் பெயர் பின்னால் காணாமலும் போகிறது.

முன்னால் நின்றவர்கள் மட்டும் சுகப்பட்டார்களா? தியேட்டர் ஆஃப் டிராஜடி, 2003-ல் லிவ் கிறிஸ்டீனைக் கோஷ்டியிலிருந்து நீக்கிவிட்டது. 2005 அக்டோபர் 21, ஹெல்சிங்கியில் நைட்விஷ்ஷின் மாபெரும் கச்சேரி. முடிந்ததும் தார்யாவின் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தார்கள்: 'இனி உங்களோடு தொடர முடியாது.' கடிதத்தை உலகம் படிக்க வெளியிட்டும் விட்டார்கள். அவரவர் பக்கத்து நியாயம் அவரவருக்கு இருக்கலாம். ஆனால், ஷிப்ட் முடிந்ததும் கையில் கடிதம் கொடுக்கிற காட்சி, நம் எஸ்டேட்காரர்களுக்குப் புதுசா என்ன?

*

"இதெல்லாம் வெளிநாட்டுக் கதை, நமக்கென்ன?" என்கிறீர்களா?

பம்பாயில் ஒரு தமிழ்க் குடும்பம். அப்பா போலீஸ் அதிகாரி. மகளுக்குக் கட்டைக் குரல். பள்ளிக்கூடத்துப் பாட்டு வகுப்பில், "உன் குரல் இதுக்குச் சரிப்படாது" என்று ஒதுக்கினார்கள். பெண் குரல் என்றால் குயில் மாதிரி இருக்க வேண்டுமே! அந்தப் பெண் 1969-ல் மெட்ராஸ் மவுன்ட் ரோட்டில், சஃபையர் தியேட்டர் வளாகத்தில் இருந்த 'நைன் ஜெம்ஸ்' என்ற இரவு விடுதியில் மைக்கைப் பிடித்தார். காஞ்சிப் பட்டு, நெற்றியில் பொட்டு, தலையில் பூ. வாயைத் திறந்தால் ஆங்கிலப் பாட்டு! அன்றைக்கு அவர் பெயர் உஷா ஐயர். பின்னாளில் உஷா உதுப். 2024-ல் பத்மபூஷண். இளையராஜா இசையில் 'அஞ்சலி' படத்தில் அவர் பாடியதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். குயிலாக இருக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து ஜெயித்த குரல் அது.

டிரோன்ஹெய்மில் நடந்தது அதற்கு நேர் எதிர். எல்லோரும் புலியாக இருக்கும் இடத்தில், நான் குயிலாகவே இருப்பேன் என்று சொன்ன குரல். இரண்டும் ஒரே பிடிவாதம்தான்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால், நம் தெருவிலேயே இருக்கிறது. சாவு வீட்டில் பறை அதிர்கிறது. வாசலில் ஆண்கள் அடிக்கிறார்கள். உள்ளே கூந்தலை அவிழ்த்துப்போட்ட பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறார்கள். பூந்தமல்லி பக்கத்து கிராமங்களில் இதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நிறைய பேர். அதிரும் தோல், அதன் மேல் ஒரு பெண்ணின் இழுவை, நடுவில் மரணம். கோதிக் மெட்டல்காரர்கள் 90-களில் கண்டுபிடித்த அமைப்பு, நமக்கு எத்தனையோ தலைமுறையாகத் தெரிந்ததுதான். அங்கே 'கலை' என்றார்கள். நாம் 'சாவுச் சத்தம்' என்று ஜன்னலை மூடிக்கொண்டோம். அந்தப் பாட்டிகளில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்?

இப்போது கல்யாணியை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். சத்தம் அதே சத்தம்தான். அங்கே சாத்தான், இங்கே மங்களம். பழக்கத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்தால் காது தானாகத் திறந்துகொள்கிறது.

*

காலம் மாறியது. 2007 மார்ச்சில் 'அயர்ன் மெய்டன்' பெங்களூருக்கு வந்தது. 2009-ல் ஸ்வீடனின் 'ஓபெத்', நம் ஐஐடி சாரங் விழாவிலேயே வாசித்தது. கிண்டியில் ஹெவி மெட்டல்!

2014-ல் ஒரு நல்ல செய்தி. காரி ரூஸ்லாட்டன், லிவ் கிறிஸ்டீன், அனேகே, மூன்று பேரும் சேர்ந்து 'தி சைரன்ஸ்' என்ற பெயரில் ஐரோப்பாவில் ஒரே மேடையில் பாடினார்கள். கிரேக்கப் புராணத்தில் மாலுமிகளைப் பாட்டால் மயக்கிய பெண்கள்தான் சைரன்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் கதவைத் திறந்துவிட்டவர்கள் மூன்று பேரும், யாருடைய கோஷ்டிக்கும் விருந்தாளியாக இல்லாமல், தங்கள் பெயரிலேயே மேடை ஏறினார்கள்.

அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது. எஸ்டேட்டில் சொந்தமாகச் சின்னதாக ஒரு பட்டறை. பிரஸ்ஸுக்கு முன்னால் கை நீட்டினால் மெஷின் நின்றுவிடுகிற மாதிரி சென்சார் வைத்திருக்கிறான். போன மாதம் பார்த்தபோது அந்த சிடியைப் பற்றிக் கேட்டேன்.

"இருக்கு சார். இப்ப எல்லாம் போன்லயே கிடைக்குது, ஆனா அதைத் தூக்கிப்போட மனசு வரல. கீறல் விழுந்துடுச்சு. மேல எழுதின பேர்கூட அழிஞ்சுபோச்சு."

"அப்புறம்?"

"மார்க்கர் வாங்கித் திருப்பி எழுதிட்டேன் சார். முன்ன கோஷ்டி பேர் மட்டும்தான் இருந்துச்சு. இந்தத் தடவை கீழே அந்த அம்மா பேரையும் சேர்த்து எழுதிட்டேன்."